ஏலம் போகாத குலை

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் போடுவது நான்தான். முட்டை, தேங்காய், சேவல், பலாச்சக்கை என்று எது வந்தாலும் முற்றத்துப் புளியமரத்தடியில் நின்று "ஒருதரம், ரெண்டுதரம்" என்று கூவ வேண்டியது என் தொண்டை. பெயர் தாசையன். தொழில் வாழைக்குலை வியாபாரம். எனக்குக் கோபம் சற்றுக் கூடுதல். ஏலம் கேட்டுவிட்டு எடுக்காமல் நழுவுகிறவனை அடுத்த வாரம் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அது போகட்டும். இது என்னைப் பற்றிய கதை இல்லை. என் பக்கத்து வீட்டு மருமகள் ஜின்சியின் கதை.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். எங்கள் திற்பரப்புப் பக்கத்தில் 'உண்மை' என்ற சொல்லைப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. 'உள்ளது' என்போம். உண்மைதானா என்று கேட்க "உள்ளதா?" என்றால் போதும். பொய்க்குக் 'கள்ளம்' என்று பெயர். ஊரில் எல்லாரும் புழங்குகிற சொல்தான். ஆனால் ஜின்சி வாயில் அது விழுகிற விதமே வேறு.

அவள் பிறந்தது கொட்டாரம். அப்பா லாரி ஓட்டுகிறவர். நல்ல மனுஷன், ஆனால் வாக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனமே கிடையாது. "வாற வெள்ளிக்கிழமை திற்பரப்பு அருவிக்கு கூட்டிட்டுப் போறேன் மக்கா" என்பார். வெள்ளிக்கிழமை பிள்ளை தலைவாரிப் பவுடர் போட்டு, மாற்று உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு வாசல்படியில் இருக்கும். லாரி ஆந்திராவில் இருக்கும். இப்படியே அவள் பாவாடையிலிருந்து தாவணிக்கு வந்துவிட்டாள், அருவியைக் கண்டதில்லை. அந்த வயதில்தான் ஓய்வுநாள் பள்ளியில், இயேசு சொன்ன வாக்கு மாறாதவர் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம். இவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சொன்னா வருவாருன்னு ஒருத்தர் எனக்கு வேண்டியிருந்து அத்த. அவரு அப்படி இருக்கும்பம் நான் மட்டும் கள்ளம் சொல்ல முடியுமா?" என்று என் வீட்டுக்காரியிடம் ஒருநாள் சொன்னாள்.

ராஜபாயின் ஒரே மகன் பெனிட்டனைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். கல்யாணம் முடிந்த வாரம் பெனிட்டன், "நாளைக்கு அருவிக்குப் போலாமா?" என்று கேட்டிருக்கிறான். மறுநாள் நல்ல மழை. எந்த மடையனாவது அந்த மழையில் வண்டியை எடுப்பானா? இவன் எடுத்தான். மத்தியானம் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட வந்து இறங்கினார்கள். குலை ஏற்ற வேண்டிய வண்டி வரவில்லையென்று நான் யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தேன். ஜின்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் வீட்டுக்காரியிடம், "சொன்னாங்க அத்த, கூட்டிட்டுப் போனாங்க" என்றாள். அருவி எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள்.

பெனிட்டன் ஏசி மெக்கானிக். லீவு முடிந்து மஸ்கட்டுக்குப் போனான். பிறகு ஒருமுறை வந்தான். அவன் திரும்பிப் போனபின் ஜெப்சி பிறந்தாள். மகளை அவன் போனில் பார்த்ததோடு சரி.

ஜின்சி நர்ஸ். குலசேகரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் ஸ்கூட்டரை வெளியே இறக்கி, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் கண்ணை மூடி, "ஆண்டவரே, இன்னைக்கும் உள்ளத சொல்ல பெலன் தாரும்" என்பாள். மெதுவாகச் சொல்லத் தெரியாது, தெருவுக்கே கேட்கும். நான் வேலிக்கு இப்பால் நின்று, "பெட்ரோலுக்கும் சேத்து ஜெபிச்சுக்கோ பிள்ளே" என்பேன். "நீங்க ஜெபிங்க மாமா" என்று சிரித்துக்கொண்டு போவாள்.

அந்த ஜெபத்தின் லட்சணம் எனக்குக் காய்ச்சல் வந்து அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தெரிந்தது. ஒருநாள் மத்தியானம் ஊசியோடு வந்து கட்டிலருகே நின்றாள். "மாமா, காலையில போட வேண்டிய ஊசிய நான் மறந்துபோனேன். டாக்டர்ட்ட சொல்லியாச்சு. இப்பம் போடச் சொன்னாரு" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! வார்டே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஊசியையும் போட்டாள். மூச்சு வாங்கின பிறகு நான் கேட்டேன், "எனக்குத் தெரியவே தெரியாதே. ஆரும் கேக்கவும் இல்ல. பின்ன நீ எதுக்குட்டி வந்து சொன்ன?"

"கேட்டா மட்டும் சொல்லுகதுக்கு பேரு உள்ளதா மாமா?" என்றாள்.

அடுத்த தடவை அங்கே போய்ப் படுத்தபோது நான் முதலில் கேட்டது, "ஜின்சி டூட்டியில உண்டா?" என்பதுதான்.

இவ்வளவு நேர்மை பேசுகிறவள் கல்லால் செய்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏக்கம் அவளைத் தின்றது. பெனிட்டனின் பழைய ரப்பர் செருப்பு ஒன்று வாசலில் கிடக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிறையும். டூட்டி முடிந்து வந்ததும் அதைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, மறுபடியும் வாசலைப் பார்த்து ஜோடியாக வைப்பாள். "அந்த சவத்த தூரக் களையேண்டி" என்று ராஜபாய் சத்தம் போடுவாள். "வந்தா போட வேணும்லா மாமி" என்பாள் இவள்.

சாயங்காலம் ஆனால் போன். பிள்ளை போனைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாட்டரி தீர்ந்து திரை கறுத்ததும், "அப்பா செத்துப்போச்சு!" என்று உரக்கச் சொல்லும். "ஏட்டி, வாயில அடி" என்று ராஜபாய் கையை ஓங்குவாள். பிள்ளைமேல் என்ன தப்பு? போன் செத்துப்போச்சு என்று நாம்தானே தினமும் சொல்கிறோம். அதற்குப் போன் வேறு, அப்பா வேறு என்று யார் காட்டினார்கள்?

பெனிட்டன் ஒரு வழி சொன்னான். ஜின்சி அங்கே நர்ஸ் வேலைக்கு வந்துவிட்டால் குடும்பமாக இருக்கலாம். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு வருஷம் வேலை செய்த சர்ட்டிபிக்கேட் வேண்டும். ஜின்சி செய்தது சாதாரண வார்டில். அதிலும் பிரசவத்துக்கு விட்டுப் பிறகு சேர்ந்தவள். "அதுக்கென்ன, மார்த்தாண்டத்துல ஒரு ஆளு எல்லாம் ரெடி பண்ணித் தருவான்" என்றான் பெனிட்டன். கூடப் படித்த பிள்ளைகள் பலர் அப்படித்தான் போயிருக்கிறார்கள், ஊருக்கே தெரியும். ஜின்சி மட்டும் முடியாது என்றாள். மாதக்கணக்கில் இரண்டு பேருக்கும் இதே சண்டை.

அப்போதுதான் என் மருமகன் சவூதியிலிருந்து லீவில் வந்தான். மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்றான். ஜெப்சி வேலி இடுக்கு வழியாக நுழைந்து வந்தாள். அவன் பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். அண்ணாந்து, "நீங்க யாருக்க அப்பா?" என்று கேட்டாள். பிள்ளையைத் தேடி வந்த ஜின்சி வேலியருகில் நின்று அதைக் கேட்டாள். அன்றைக்கே பெனிட்டனுக்குப் போன் போட்டு, சரி என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு ஸ்கூட்டர் பக்கத்து ஜெபம் நின்றுபோனது. வண்டியை இறக்குவாள், ஏறுவாள், போய்விடுவாள். விஷயம் தெரியாமல் நான், "என்ன பிள்ளே, டாங்க் நிறைய பெட்ரோல் உண்டு போல" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

வேலை உறுதியாகிவிட்டது என்று தகவல் வந்தது. ராஜபாய்க்குத் தலைகால் புரியவில்லை. மருமகளும் பேத்தியும் பிரிந்து போகிறார்களே என்ற துக்கம் ஒருபக்கம் இருந்தாலும், மகன் குடும்பமாக இருப்பான் அல்லவா? தோட்டத்தில் அவளே தண்ணீர் கோரி ஊற்றி வளர்த்த ஏத்தன் வாழை, வெளியூரில் நேந்திரன் என்பார்கள், குலை தள்ளி மூத்து நின்றது. வியாபாரி நான் சொல்கிறேன், அந்த மாதிரிக் குலை சந்தைக்கு எப்போதாவதுதான் வரும். விலைக்குக் கேட்டேன். "இது ஆண்டவருக்குள்ளதாக்கும், உமக்கில்ல" என்று என் மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜின்சிக்கும் சொல்லாமல் ஒரு ஆளைப் பிடித்து ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் சாத்தி வைத்தாள்.

நான் வழக்கம்போல் பிரசங்கத்துக்கு முன்பே வெளியே வந்து புளியமரத்தடியில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தேன். மைக்கில் சபைச் செயலர் வாசிப்பது கேட்டது. "தங்கள் மருமகள் ஜின்சிக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கச் செய்த தேவனுடைய பெரிதான கிருபைக்காக, ராஜபாய் குடும்பத்தார் ஸ்தோத்திர காணிக்கை, ஏத்தன் குலை ஒன்று." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். செயலர் அடுத்த பெயரைத் தொடங்கினார், பாதியில் நிறுத்திவிட்டார். உள்ளே ஒரே சலசலப்பு. யாருக்கோ மயக்கம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்து நிமிர்ந்தேன்.

பக்கவாசல் வழியாக ஜின்சி வந்தாள். இடுப்பில் குலை. அவ்வளவு பாரத்தையும் ஒற்றையாகச் சுமந்து, சாய்ந்து சாய்ந்து வந்தாள். கோடி போல் வெளுத்திருந்த சேலையில் வாழைக்கறை. அவளிடம் பாடம் படிக்கிற ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசைப் பாயிலிருந்து எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன. ஆண்டவருக்குப் படைத்ததை ஆராதனை நடுவில் பீடத்திலிருந்து ஒருத்தி தூக்கிக்கொண்டு போவதை அந்த ஆலயம் கண்டதே இல்லை. என் காலடியில் குலையை இறக்கினாள்.

"மாமா, இத ஏலம் போடாதீங்க."

"என்ன பிள்ளே இது? உனக்கு வட்டு பிடிச்சிருக்கா?"

"இது உள்ளதில்ல மாமா" என்றாள். மூச்சு இரைத்தது. "அந்த சர்ட்டிபிக்கேட் கள்ளம். நான் அந்த டூட்டி பாத்ததே இல்ல. கம்பெனிக்காரன ஏமாத்தினா பரவால்ல, எல்லாரும் செய்யுகதுதானேன்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். இப்பம் அதுக்கு அவருக்கு நன்றின்னு வாசிக்காங்க. எனக்க கள்ளத்துல அவரையும் கூட்டு சேக்கவா? அவரு ஒருத்தர்தான் எனக்கு..." புளியமரத்து வேரில் உட்கார்ந்து அழுதாள்.

நான் விரித்த சாக்கை மறுபடியும் விரித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே இருந்து பெனிட்டனுக்குப் போன் செய்தாள். "நான் வரல. அந்த வேலை வேண்டாம்னு எழுதிப்போடப் போறேன். எனக்கு உங்ககூட இருக்கணும், செத்துப் போகலாம் போல ஆசையா இருக்கு. ஆனா இப்படி வர முடியல" என்றாள். அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான். "உள்ளதுதான்" என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அவன் வைத்துவிட்டிருந்தான்.

ராஜபாய் வெளியே வந்து பேசிய பேச்சை நான் இங்கே எழுதினால் சபையில் என்னைச் சேர்க்கமாட்டார்கள். மானம் போய்விட்டது, மகன் வாழ்வு போய்விட்டது, இனி எந்த முகத்தோடு கோயிலுக்கு வருவது? கடைசியில், "எனக்க குலை" என்று அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுக்க யாருக்கும் ஒரு சீப்புக்கூடக் கொடுக்காமல் எல்லாவற்றையும் சீவி உப்பேரி வறுத்தாள். கோபத்தில் வறுத்ததால் கொஞ்சம் கரிந்திருந்தது. அதையும் எங்கள் வீட்டுக்குத் தரவில்லை.

பெனிட்டன் பல நாள் கூப்பிடவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் கூப்பிட்டான். ஜெப்சியைக் கேட்கவில்லை, நேரே ஜின்சியிடம் பேசினான். அவன் சொன்னதை மறுநாள் ஜின்சி எங்கள் அடுக்களையில் இருந்து சொன்னாள். சாயா ஆறிப்போனது, குடிக்கவே இல்லை.

"நீ அன்னைக்கு உள்ளத சொன்ன, இனி நானும் சொல்லணும்லா" என்று தொடங்கியிருக்கிறான். அவன் கம்பெனி மூடி ரொம்ப நாளாகிறது. பாஸ்போர்ட் பழைய முதலாளியிடம் மாட்டிக்கொண்டது. கூட்டாளிகள் அறையில் ஒண்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் பாரம் சுமக்கிற வேலைக்குப் போகிறான். ஏசி ரூம், சூப்பர்வைசர் என்று அவன் சொன்னதெல்லாம் கள்ளம். ஜின்சிக்கு வேலை கிடைத்து வந்துவிட்டால் அவள் விசாவில் தானும் ஒட்டிக்கொண்டு தப்பிவிடலாம் என்பதுதான் அவனுடைய கணக்கு.

"அப்பம் அவங்களுக்கு இருந்த கடைசி வாசல நானாக்கும் அடச்சுட்டேன்" என்றாள் ஜின்சி. "தெரிஞ்சிருந்தா அந்தக் குலைய தொட்டிருப்பேனா மாமா?"

பிறகு அவளே, "தெரியல" என்றாள். தொட்டிருப்பேன் என்று சொல்லியிருந்தால் நாங்கள் மெச்சியிருப்போம். அவள் சொல்லவில்லை.

"அவன் உனக்கிட்ட கள்ளம் சொன்னதுக்கு கோவம் இல்லியா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"இருக்கு அத்த. நல்லா வைஞ்சேன். அழுது தீத்தேன். பொறவு சொன்னேன், வேல வேண்டாம், ஏசி ரூமும் வேண்டாம், வெறுங்கையா வந்தாலும் போதும், வாங்கன்னு. வருவேன்னு சொன்னாங்க." கண்ணீருக்கு நடுவில் அவள் முகம் சற்றே மலர்ந்தது. "சொன்னா கூட்டிட்டுப் போன ஆளாக்கும் மாமா. வந்துருவாங்க."

மறுநாள் காலை ஸ்கூட்டர் பக்கத்தில் அந்த ஜெபம் மறுபடியும் கேட்டது.

அது போன வருஷம். தூதரகத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஆகும், அடுத்த மாதம் ஆகும் என்று இழுக்கிறது. ஜின்சி ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவு டூட்டியை இப்போது உள்ளபடியே பார்க்கிறாள். வாசலில் செருப்பு கிடக்கிறது. ராஜபாய் இப்போது அதைத் தூரக் களையச் சொல்வதில்லை. மழை பெய்தால், மருமகள் வருவதற்கு முன்னால் அவளே கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

வெட்டின வாழையின் பக்கக்கன்று இந்த வருஷம் குலை தள்ளியது. ராஜபாய் அதற்குச் சாக்கு கட்டி, முட்டுக் கொடுத்து, அணில் வந்தால் கல்லெறிந்து காவல் காத்தாள். "விசுவாசத்தோட முன்கூட்டியே கொண்டு வச்சுருவோம். மகன் வந்ததுக்கு ஸ்தோத்திரம்னு வாசிக்கட்டும். ஆண்டவர் செய்யாமலா போவாரு?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மாமி. அவங்க வந்து வாசல்ல நின்னு அந்தச் செருப்ப போடட்டும். அதுக்குப் பொறவு வெட்டலாம்" என்றாள் ஜின்சி.

போன வாரம் காலையில் டூட்டிக்குக் கிளம்பின கோலத்தில் வாழையடியில் நின்று என்னைக் கூப்பிட்டாள். சாக்கை விலக்கி ஒரு காயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது கிறிஸ்மஸ் வரைக்கும் நிக்குமா? அதுக்குள்ள பேப்பர் சரியாவும்னு சொல்லுகாங்க."

காய் முற்றி விளிம்பெல்லாம் உருண்டுவிட்டது. மேல்சீப்பில் ஒன்று வெடித்தும் இருந்தது. நிற்கும் பிள்ளே, தாராளமாக நிற்கும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இந்த வாய் தினமும் சந்தையில் சொல்லாததா? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது?

"உள்ளத சொல்லுங்க மாமா" என்றாள்.

"நிக்காது பிள்ளே. இந்த ஞாயிறே தாண்டாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "செரி. வெட்டுங்க. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்" என்றாள். நான் அரிவாளை எடுத்துவந்து வெட்டினேன். அவள் குனிந்து, வாழையடியில் கிடந்த சருகை ஒதுக்கினாள். முழங்கால் உயரத்தில் ஒரு கன்று நின்றது. அதன் அடியில் மண்ணைக் கையால் அணைத்து அமுக்கினாள்.

"இது குலை தள்ள எவ்வளவு நாள் ஆவும் மாமா?"

அதற்கும் உள்ளதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கையைக் கழுவி, ஸ்கூட்டரை இறக்கி, கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, இன்னைக்கும் உள்ளத சொல்ல பெலன் தாரும்" என்றாள். வழக்கமாக அதோடு முடிந்துவிடும். அன்றைக்குக் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் கழித்து, எனக்கு மட்டுமே கேட்கிற மெல்லிய குரலில், "உள்ளத கேக்கவும் பெலன் தாரும்" என்றாள்.

குலையைத் தோளில் வைத்தபடி வேலியோரம் நின்றிருந்த நான் பெட்ரோலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆமென் என்று மட்டும் சொன்னேன்.